சோற்றுக்கு விதித்த தண்டம்: 1930இல் தஞ்சை எடுத்த முடிவு

வழிநடப்போருக்கு ஒரு வேளைச் சோறிடுவது குற்றம் என்று தஞ்சை மாவட்டத்தில் தண்டோரா போடப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது. சத்திரங்களாலும் அன்னதானத்தாலும் பெயர்பெற்ற காவிரி நாட்டில், ஊர் ஊராக அந்த ஆணை பறைசாற்றப்பட்டது. மீறினால் சிறை, பணிந்தால் பசித்து வருபவரைத் திருப்பி அனுப்பிய பழி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. ஆபத்தும் அறமும் எதிரெதிரே நிற்கும்போது மனித உள்ளம் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை உளவியலும் மூளை நரம்பியலும் அண்மைக் காலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளன. அந்த வெளிச்சத்தில் நோக்கும்போது, அன்று தஞ்சை மக்கள் செய்தது வெறும் துணிச்சல் அன்று என்பது புலப்படும்.

யாத்திரையும் ஆணையும்

காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த ஒரு வாரத்தில், ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளான ஏப்ரல் 13 அன்று, இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் இல்லத்திலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் நடை. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கென்றே இயற்றிய பாட்டு அவர்களுக்கு வழித்துணையாயிற்று.

வழியின் பெரும்பகுதி தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. அங்கு கலெக்டராக இருந்த ஜே. ஏ. தார்ன் திறமையான நிர்வாகி. நடப்பவர்களை வழியில் கைது செய்தால் அவர்கள் தியாகிகள் ஆவார்கள். உண்ணவும் உறங்கவும் இடம் கிடைக்காமல் செய்துவிட்டால் ஊர்வலம் தானே கலைந்துவிடும் என்பது அவர் நடவடிக்கையில் தெரியும் எண்ணம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவை அவர் எடுத்துக்கொண்டார். சட்டவிரோதக் கூட்டத்துக்கென ஆட்களைத் தங்கவைப்பது பற்றிய பிரிவு அது. ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் அப்பிரிவின்கீழ் தண்டிக்கப்படுவர் என்று துண்டறிக்கை வழியாகவும் தண்டோரா வழியாகவும் அறிவிக்கப்பட்டது.

கலெக்டரின் கணக்கு

ஆறு மாதம் என்பது வேளாண்மை நாட்டில் வெறும் எண் அன்று. மேட்டூர் அணை அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. அது 1934இல்தான் திறக்கப்பட்டது. ஆற்றில் புதுவெள்ளம் வருவதைப் பார்த்தே நாற்றங்கால் தயாராகும். ஏப்ரல் இறுதியில் சிறை புகுபவர் அக்டோபர் இறுதியில்தான் வெளிவருவார். இடையில் புதுவெள்ளம் வந்து போயிருக்கும். குறுவைக்கு விதைத்து அறுத்திருப்பார்கள். சம்பா நடவும் முடிந்திருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு விலை ஓராண்டு வெள்ளாமை என்று ஆகிவிட்டது.

தண்டனையின் கடுமையையும் அகப்படும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்தே மனிதன் சட்டத்தை மீறுகிறான் அல்லது பணிகிறான் என்ற கொள்கையை 1968இல் கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் முறையாக வகுத்துரைத்தார். தார்ன் அதை முன்பே நடைமுறையில் நம்பியிருந்தார் எனலாம். 1979இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கை மேலும் வலுப்படுத்துவதுபோல் தோன்றும். நூறு ரூபாய் கிடைப்பதில் வரும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் இழப்பதில் வரும் துயரம் மனத்தில் பெரிது என்பது அவர்கள் கண்ட உண்மை. இழப்பை அஞ்சும் இயல்பு மனிதருக்குப் பொது. அப்படியானால் தஞ்சையில் கதவுகள் அடைபட்டிருக்க வேண்டும்.

மரக்கிளையில் தொங்கிய பொட்டலம்

அடைபடவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே தம் இல்லத்தில் ஏற்று விருந்தளித்தார். அதற்காகச் சிறை சென்றார். வெளிப்படையாகத் துணிய முடியாதவர்கள் வேறு வழி கண்டனர். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது, உணவுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்டிருந்த இடம் அவர்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்டது. யாத்திரை பற்றிய நினைவுகளில் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன.

மக்கள் அஞ்சவில்லை என்று புகழ்ந்துரைப்பது எளிது. ஆனால் அது உண்மையன்று. ஒளித்து வைத்ததே அஞ்சியதற்குச் சான்று. அகப்படும் வாய்ப்பை அவர்கள் நன்றாகவே கணக்கிட்டனர். மரத்தில் தொங்கும் பொட்டலத்துக்கு உரிமையாளர் யார் என்று எந்தக் காவலர் நிறுவ முடியும்? சோறிடுவதா, வேண்டாமா என்பது அவர்களது கணக்கில் வரவே இல்லை. எப்படி இடுவது என்பது மட்டுமே கணக்கில் வந்தது. கலெக்டர் எழுப்பியது முதல் கேள்வி; மக்கள் விடை தேடியது இரண்டாவது கேள்விக்கு.

விலை பேசாத பொருள்

இந்த வேறுபாட்டுக்கு மூளையிலேயே அடிப்படை இருக்கலாம் என்று பின்னாளைய ஆய்வுகள் உணர்த்துகின்றன. 2001இல் ஜோஷுவா கிரீன் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும், அறச் சிக்கல்களை எண்ணிப் பார்ப்போரின் மூளையைக் காந்த அலைப் படப்பிடிப்பின் மூலம் நோக்கினர். பிறரை நேரடியாகத் தீண்டித் துன்புறுத்தும் செயலைப் பற்றி முடிவெடுக்கும்போது, உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக இயங்கின. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி பழுதுற்ற ஆறு பேரைப் பற்றியது. பலரைக் காக்க ஒருவரைத் தம் கையாலேயே கொல்லலாமா என்ற கேள்விக்கு, ஏனையோரைவிட எளிதாக அவர்கள் ஆம் என்றனர். கணக்கு அவர்களிடம் குறையவில்லை. உணர்ச்சி எழுப்பும் தடைதான் தளர்ந்திருந்தது.

தஞ்சைக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றோர் ஏற்றுக்கொண்ட கொள்கைகளைப் பணம் பெற்றுக்கொண்டு மறுத்துக் கையொப்பமிட அழைத்தனர். சில கொள்கைகளை அவர்கள் விற்றனர். சிலவற்றை எந்த விலைக்கும் விற்க மறுத்தனர். விற்க மறுத்த கொள்கைகளைப் பற்றி எண்ணியபோது, இலாப நட்டத்தை எடைபோடும் பகுதிகள் முந்தி நிற்கவில்லை. இது சரி, இது தவறு என்ற விதிகளை நினைவிலிருந்து எடுப்பதோடு தொடர்புடைய பகுதிகள் இயங்கின. விலை பேசாத பொருள்கள் மூளையின் வேறோர் ஏட்டில் எழுதப்படுகின்றன போலும். 1930இன் உழவர் மூளையை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆயினும் அவர்களது நடத்தை இதே வடிவில் இருந்தது.

சோறு அந்த ஏட்டில் எழுதப்படப் பல நூற்றாண்டுகள் ஆயின. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் பிறந்தவளாகக் காட்டப்படும் மணிமேகலையின் கையில் சாத்தனார் தந்தது அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத பாத்திரம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்களை அமைத்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. வழிப்போக்கருக்கு உணவிடுவது அங்கு தனிமனித தயவு அன்று, நாட்டின் ஒழுங்கு. தார்ன் தண்டம் விதித்தது அந்த ஒழுங்கின்மீது.

முதலில் மறுப்பவர்

ஆனால் அறவிதி நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டான்லி மில்கிராம் 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், அதிகாரி சொன்னதற்காக, முன்பின் அறியாத ஒருவருக்கு மின் அதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் இறுதிவரை சென்றனர். அவர்களும் இரக்கம் அறிந்தவர்களே. அதே சோதனையில், அருகிலிருந்த இருவர் எழுந்து மறுக்குமாறு ஏற்பாடு செய்தபோது, இறுதிவரை சென்றோர் 40 பேரில் நால்வர் மட்டுமே. ஒருவரின் மறுப்பு அடுத்தவருக்கு வழி திறக்கிறது.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் சிறை சென்றது அத்தகைய செயல். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளியின் செயல் இன்னும் கூர்மையானது. போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்த அவர், தம் முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். நீதிமன்றத்திலும் மீதியைச் செய்து முடிக்க மறுத்துச் சிறை ஏகினார் என்பது அவ்வூர் மறவாத வரலாறு. கத்தியைக் கீழே வைத்தபோது அவர் ஆறு மாதங்களை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

ஏப்ரல் 28இல் யாத்திரை வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். அங்கு யாத்திரைக்கு இடமளித்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை சிறையும் சொத்துப் பறிமுதலும் பெற்றார். அரசின்மீது மக்களுக்குப் பற்று என்று ஒன்று இருந்திருக்குமானால் அது இப்போது அற்றுவிட்டது என்ற கருத்தைத் தார்ன் தம் மேலிடத்துக்குத் தெரிவிக்க நேர்ந்தது. கணக்குப் பிழைத்ததை முதலில் கண்டவர் அவரே.

மறுபக்கம்

இவ்வரலாற்றைப் பெருமிதத்தோடு முடித்துவிடுவது நேர்மையாகாது. விலை பேசாத பொருள்கள் எல்லாம் நல்லவையல்ல. அன்னமிட்ட அதே நாட்டில் பந்திக்குப் பந்தி சாதி இருந்தது. அந்த ஒழுங்கும் எடைபோட மறுக்கும் அதே ஏட்டில்தான் எழுதப்பட்டிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய மக்கள் வாழ்ந்த கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயினர். அவ்வூரும் அன்றைய தஞ்சை மாவட்டத்து ஊரே. அக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. உள்ளம் ஒன்றைப் புனிதம் என்று எவ்வாறு பற்றுகிறது என்பதை அறிவியல் சொல்லும். எதைப் பற்றத் தகும் என்பதை அது சொல்லாது. அந்த வேலை ஒரு சமூகத்தின் பேச்சுக்கும் பாட்டுக்கும் கதைக்கும் உரியது. மணிமேகலை முதல் குருதிப்புனல் வரை காவிரி நாட்டு இலக்கியம் செய்துவந்ததும் அதுவே.

வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உண்டு. யாத்திரைக்குப் பாட்டெழுதிய கவிஞரை நாடறியும். கிளைகளில் பொட்டலம் கட்டிவிட்டு, இருட்டோடு வீடு திரும்பியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் தெரியக்கூடாது என்பதே அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு பிழைக்கவில்லை.