அப்பாவின் பீப்பாய்களை அறுத்த மகன்... பரோலோ ஒயினுக்குள் இப்படி ஒரு சண்டையா!

'ஒயின் பழசாக ஆகத்தான் ருசி'ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. உண்மையில், பெரும்பாலான ஒயின்கள் ஓரிரு வருடங்களில் குடித்து முடிப்பதற்காகத் தயாரிக்கப்படுபவைதான். ஆனா, 'காத்திருந்தே ஆகணும்'னு சட்டமே போட்டு வைத்திருக்கும் ஒயின்களும் உண்டு. அதில் பிரபலமானது, இத்தாலியின் பரோலோ.

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டியிருக்கிறது பியட்மாண்ட். பெயருக்கே 'மலையடிவாரம்'னுதான் அர்த்தம். அங்கே ஆல்பா நகருக்கு அருகில் உள்ள லாங்கே குன்றுகளில், 11 ஊர்களில் விளையும் திராட்சையிலிருந்து மட்டும்தான் பரோலோ தயாரிக்க முடியும். இந்தத் திராட்சைக் குன்றுகளை 2014-ல் உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ.

அடம்பிடிக்கும் திராட்சை

திராட்சையின் பெயர் நெபியோலோ. இத்தாலிய மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. அக்டோபரில், பனி இறங்கும் நேரத்தில் அறுவடை செய்வதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மற்ற ரகங்களுக்கு முன்பே துளிர்விடும், எல்லாம் பழுத்த பிறகுதான் பழுக்கும். வசந்தத்தில் உறைபனி, இலையுதிர் காலத்தில் மழை என ரெண்டு பக்கமும் ரிஸ்க். அதனால் நல்ல வெயில் விழும் தெற்குச் சரிவுகளை இதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச இடங்களில்தான் மற்ற ரகங்களை நடுவார்கள்.

கிளாஸில் ஊற்றினால் வெளிர் சிவப்பாக, அப்பாவி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும் சேதி. தோலிலும் விதையிலும் இருந்து வரும் 'டானின்' நாக்கை இழுத்துப் பிடிக்கும். நம்ம மொழியில் அதற்குப் பொருத்தமான சொல்லே இருக்கு... துவர்ப்பு! பாக்கு மெல்லும்போது வருமே, அதேதான். வாசனையை 'ரோஜாவும் தாரும்' என்பார்கள். ஆமா, ரோடு போடுற தார்தான்!

இந்தத் துவர்ப்பு அடங்கத்தான் காத்திருப்பு. பரோலோ குறைந்தது 38 மாதங்கள் பக்குவப்பட வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். 'ரிசர்வா' என்றால் 62 மாதங்கள். அதே நெபியோலோவில் பக்கத்திலேயே தயாராகும் பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும்.

1980-களில் சில இளைஞர்கள், 'எதற்கு இவ்வளவு காலம்?' என்று கேட்டார்கள். பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய்களுக்குப் பதிலாக, 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். லா மோரா ஊரைச் சேர்ந்த எலியோ அல்தாரே ஒருபடி மேலே போய், 1983-ல் அப்பாவின் பழைய பீப்பாய்களை மரம் அறுக்கும் இயந்திரத்தால் அறுத்துத் தள்ளினார். கொதித்துப்போன அப்பா, மகனுக்குச் சொத்தில் பங்கே இல்லை என்று எழுதிவைத்துவிட்டார்.

எதிர் முகாமில் இருந்தவர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ. 'சின்ன பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று லேபிளிலேயே கையால் எழுதி, பாட்டிலில் ஒட்டி விற்றார் மனுஷன். பெர்லுஸ்கோனி, அப்போதைய இத்தாலிய அரசியலின் பெரும்புள்ளி. இன்று சண்டை ஓய்ந்து, பலரும் ரெண்டு வழியிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

தினசரி சாப்பாட்டு மேஜையில் பரோலோ இருக்காது. அங்கே பார்பெராதான் ராஜா. புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. டோல்செட்டோ என்றால் 'குட்டி இனிப்பு'. ஆனா, ஒயின் இனிக்காது. ஆர்னெய்ஸ் என்ற வெள்ளை ரகம் அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பியது. மொஸ்காட்டோ தாஸ்தி நிஜமாகவே இனிக்கும், லேசாக நுரைக்கும். ஆல்கஹால் சுமார் 5 சதவிகிதம்தான். அதுக்காக ஜூஸ்னு நினைச்சுடாதீங்க!

லேபிளில் ஒரு விஷயம் குழப்பும். 'பார்பெரா தால்பா' என்றால் திராட்சையின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். பரோலோ, பார்பரெஸ்கோ ரெண்டும் ஊர்ப் பெயர்கள் மட்டுமே. நெபியோலோவைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. 'லாங்கே நெபியோலோ' என்று போட்டிருந்தால், அதே திராட்சை, ஆனா 38 மாதக் கட்டாயம் இல்லை. விலையும் பொதுவாக பரோலோவைவிடக் குறைவுதான்.