நிலைப் பகுப்பாய்வுப் பணி

நிலைப் பகுப்பாய்வுப் பணி என்பது, மென்பொருள் உருவாக்கத்தைத் தானியக்கும் கருவியொன்றில், நிரலை இயக்காமலே அதன் மூலநிரலையோ தொகுத்த வடிவத்தையோ ஆராய்ந்து பிழைகளைச் சுட்டுமாறு வரையறுக்கப்படும் செயலலகு ஆகும்.

உருவாக்கக் கருவி, நிரற்பகுப்பாய்வு என்னும் இதன் இரு வேர்களும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றின. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அங்கு எழுதிய 'மேக்', கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் முறையை 'மேக்ஃபைல்' என்னும் விதிக்கோப்பில் பதிந்து, அவற்றின் திருத்த நேரங்களை ஒப்பிட்டு, மூலம் மாறியிருந்தால் மட்டுமே உரிய கட்டளையை இயக்கியது. 1978இல் ஸ்டீபன் ஜான்சன் விவரித்த 'லின்ட்', சி மொழி நிரல்களில் பயன்படாத மாறிகளையும், மதிப்பு பெறுமுன் பயன்படும் மாறிகளையும், ஒருபோதும் எட்டப்படாத கூற்றுகளையும் கண்டறிந்தது. அக்காலத்துச் சி தொகுப்பி கோப்புகளைத் தனித்தனியே மொழிபெயர்த்ததால், ஒரு கோப்பில் வரையறுத்த செயற்கூறு மற்றொன்றில் தவறான அளபுருக்களுடன் அழைக்கப்படுவதை அறியவில்லை. பல கோப்புகளைச் சேர்த்துப் படித்த லின்ட் அதனையும் காட்டியது. எட்டப்படாத இடம் என்று நிரலர் தெரிந்தே குறிப்புரை எழுதினால் லின்ட் அங்கு எச்சரிப்பதைத் தவிர்த்தது. இன்றைய விலக்குக் குறிகளுக்கு இதுவே முன்னோடி. மேக் பற்றிய ஃபெல்ட்மனின் கட்டுரை எடுத்துக்காட்டாகத் தந்த மேக்ஃபைலிலேயே 'லின்ட்' என்னும் இலக்கு இடம்பெற்றிருந்தமையால், பகுப்பாய்வை உருவாக்கத்தின் அங்கமாகக் கொள்ளும் மரபு அவ்விடத்திலேயே உறுதிப்பட்டது.

ஜாவா மொழியில் இம்மரபை ஆன்ட் என்னும் உருவாக்கக் கருவியும், பின்னர் கிரேடில் என்னும் கருவியும் தொடர்ந்தன. மூலநிரலைப் படிக்கும் செக்ஸ்டைல் என்னும் பகுப்பாய்வுக் கருவிக்குத் தொகுப்பு முடிந்திருக்க வேண்டியதில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஃபைண்ட்பக்ஸ் என்னும் கருவி, தொகுப்பியின் விளைவான பைட்கோடை ஆராய்ந்ததால், அதன் பணி தொகுப்புப் பணியைச் சார்ந்தே அமைய வேண்டியிருந்தது.

நல்ல வடிவமைப்பில் மூலக்கோப்புகளோடு பகுப்பாய்வு விதிக்கோப்பும் பகுப்பாய்வுக் கருவியின் பதிப்பும் உள்ளீடுகளாகவும், அறிக்கை வெளியீடாகவும் அறிவிக்கப்படும். இவற்றில் எதுவும் மாறாதபோது கிரேடில் பணியைத் தவிர்க்கிறது. விதிக்கோப்பை அறிவிக்க மறந்தாலோ, விதிகள் கடுமையாக்கப்பட்ட பின்னும் பழைய முடிவே செல்லுபடியாகிவிடும். கிரேடிலின் செக்ஸ்டைல் செருகுநிரல் தன் பணிகளைச் 'செக்' என்னும் பொதுப்பணியுடன் தானே இணைத்துவிடுவதால், சோதனைகளுடன் பகுப்பாய்வும் தவறாமல் நடைபெறுகிறது. விதி மீறப்பட்டால் உருவாக்கம் நிற்க வேண்டும் என்பதே இப்பணியின் சாரம். அறிக்கையை மட்டும் எழுதிவிட்டுத் தொடரும் பணியை எவரும் பொருட்படுத்துவதில்லை. பழைய நிரற்தொகுதிகளில், ஏற்கத்தக்க எச்சரிக்கைகளின் உச்ச எண்ணிக்கையை நிர்ணயித்துப் படிப்படியாகக் குறைப்பது முறையாகும்.

தற்போது இப்பணி தொடர் ஒருங்கிணைப்பு வழங்கிகளிலும் இயக்கப்படுகிறது.