படத்தைப் பரப்பிய ரசிகர்கள்

தமிழ்நாட்டில் புதுப்படம் வருகிறது என்று ஊருக்குச் சொல்லும் வேலை தயாரிப்பாளரோடும் விநியோகஸ்தரோடும் முடிந்துவிடுவதில்லை. கூலி கேட்காமல், பெரும்பாலும் கைக்காசைப் போட்டு, ரசிகர்களும் அந்த வேலையைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். சுவரொட்டியும் தட்டியும் தோரணமுமாக இருந்த அந்தப் பணி இன்று ஹேஷ்டேக், ரசிகர்கள் எல்லாரும் வைக்கும் ஒரே முகப்புப் படமான ‘காமன் டிபி’, கவுண்ட்டவுன் பதிவு என்று கைபேசிக்குள் வந்துவிட்டது. உழைப்பின் தன்மை அதிகம் மாறவில்லை. அதில் யார் பங்கெடுக்கலாம், எங்கிருந்து பங்கெடுக்கலாம் என்பதுதான் மாறியது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போல, திரையரங்க நகரங்களிலிருந்து எட்ட இருக்கும் ஊர்களுக்கு இந்த மாற்றம் பெரியது.

கொட்டகைக் காலம்

தமிழகத்தில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலைத் தொடங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வே ஊழியரான அவர் 1905இல் திருச்சியில் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு புறப்பட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து படம் பேசத் தொடங்கியபின் டூரிங் கொட்டகைகள் சிற்றூர்களிலும் பெருகின. மாட்டுவண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் நோட்டீஸ் வீசுவதே அப்போதைய விளம்பரம். வண்டிக்குப் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்கிய சிறுவர்கள்தான் செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார்கள்.

கொல்லிமலை 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்தில்தான் டி.ஆர்.சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்த நிறுவனம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை 1956இல் தந்தது. படங்கள் உருவான நகரம் பக்கத்தில் இருந்தும் மலைக்கும் திரைக்கும் இடையில் தூரம் இருந்தது. ‘நாடு’ எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்துகிடக்கும் கொல்லிமலைக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். முதல் நாள் முதல் காட்சியும் அதைச் சுற்றிய கொண்டாட்டமும் நாமக்கல், ராசிபுரம் போன்ற சமவெளி நகரங்களின் சொத்து. மிளகும் பலாவும் விற்க இறங்கியவர்கள் பார்த்துவந்த படத்தை வாய்வழியாகத்தான் மேலே கொண்டுபோக முடிந்தது.

அச்சும் வானொலியும்

நேரில் பார்க்க முடியாதவர்களுக்கும் படத்தைக் கொண்டுசேர்த்தவை அச்சும் ஒலியும். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடல்களோடு கதைச்சுருக்கமும் இருக்கும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அது முடியும். 1942இல் தொடங்கிய ‘பேசும் படம்’, 1966இல் வந்த ‘பொம்மை’ ஆகிய இதழ்கள் நட்சத்திரங்களின் படங்களை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தன. கேள்வி பதில் பகுதிகள் வழியே ரசிகரும் அச்சில் பேச ஆரம்பித்தார். 1948இல் ‘சந்திரலேகா’வுக்கு ஜெமினி எஸ்.எஸ்.வாசன் செய்த விளம்பரம், படத்துக்கு நிகராக விளம்பரத்துக்கும் செலவழிக்கலாம் என்பதைத் தொழிலுக்குக் காட்டியது. 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசென்ற ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், தமிழ்த் திரையின் முதல் மக்கள் தொடர்பாளராக அறியப்படுகிறார்.

வானொலி இன்னும் தூரம் போனது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தென்தமிழகம் முழுவதும் கேட்டார்கள். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்கே தனி ரசிகர் கூட்டம் இருந்தது. பிடித்த பாடலைக் கேட்டு அஞ்சலட்டை எழுதுவதும், தன் பெயரும் ஊர்ப் பெயரும் காற்றில் வரக் காத்திருப்பதும் அன்றைய ரசிகரின் வழக்கம். ஒரே பாடலுக்குப் பல ஊர்களிலிருந்து அட்டைகள் குவிந்தால் அது அடிக்கடி ஒலிக்கும். பலர் சேர்ந்து ஒன்றைக் கேட்டால் அது மேலே வரும் என்ற பாடத்தைத் தமிழ் ரசிகர் இணையத்துக்கு வெகுகாலம் முன்பே கற்றுக்கொண்டார்.

மன்றங்கள்

1950களில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் ரசிகர் மன்றங்கள் பரவின. தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகை, ஒரு பெஞ்சு, இரண்டு நாளிதழ், சுவரில் நடிகரின் படம்: பல ஊர்களில் மன்றம் என்றால் இவ்வளவுதான். ஆனால் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. நகர, மாவட்ட, மாநிலப் பொறுப்புகளும் உண்டு. படம் வெளியாகும் வாரத்தில் உறுப்பினர்கள் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டுவார்கள்; தோரணம் கட்டுவார்கள்; படப்பெட்டி வந்து சேர்ந்ததும் அதற்கு மாலையிட்டு, சூடம் காட்டி ஊர்வலமாகத் திரையரங்குக்குக் கொண்டுபோவார்கள். ஐம்பதாம் நாள், நூறாம் நாள் என்று சுவரொட்டிகள் தொடரும். படம் எத்தனை நாள் ஓடியது என்பது மன்றத்தின் மானப் பிரச்சினை.

1957இல் ‘வணங்காமுடி’ படத்துக்காகச் சென்னை சித்ரா திரையரங்கில் 80 அடி உயரத்தில் சிவாஜியின் கட்அவுட்டை மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் நிறுத்தியது. கட்அவுட்டுகள் பெருகப் பெருக ரசிகர்கள் அவற்றுக்கு மாலை போட்டார்கள், பிறகு பாலாபிஷேகம் செய்தார்கள். நிறுவனம் வைத்த விளம்பரப் பொருளை ரசிகர் தன் கொண்டாட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டார்.

மன்றத்தின் வலிமை 1972இல் நாடறியத் தெரிந்தது. தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அக்டோபர் 17 அன்று அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியபோது மன்றக் கிளைகள் கட்சிக் கிளைகளாக மாறின. மறு ஆண்டு வெளியான அவரது ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்துக்குச் சுவரொட்டி வரி உயர்வு தடையாக வந்தபோது ஸ்டிக்கர்கள் கைகொடுத்தன என்பது திரைத்துறையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. சுவரில் இடம் இல்லாதபோது வண்டியிலும் கதவிலும் படம் ஒட்டிக்கொண்டது.

இந்த மன்றங்களை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனித்தார்கள். மதுரையில் களஆய்வு செய்த சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூலில், நகர்ப்புற ஏழை இளைஞர்களுக்கு மன்றம் ஊரில் ஒரு மதிப்பைத் தந்ததை விளக்கினார். ரத்த தானம், இலவச நோட்டுப் புத்தகம், அன்னதானம் என்று நற்பணிகள் செய்து அதே நடிகரின் பெயரை ஊருக்குள் நிலைநிறுத்தினார்கள். கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாகவே மாற்றினார். விளம்பரமும் தொண்டும் ஒரே கையால் நடந்தன; செய்தவரின் முகத்தை ஊர் அறிந்திருந்தது.

ஃபிளெக்ஸும் பெட்டியின் முடிவும்

2000க்குப் பின் ஃபிளெக்ஸ் அச்சு மலிவாகி, கையால் வரைந்த பேனர்களை ஓரங்கட்டியது. பேனர் ஓவியர்கள் பலர் வேறு தொழில் தேடினார்கள். ஆனால் ஃபிளெக்ஸ் ரசிகருக்குப் புதிய வாய்ப்பு ஒன்றைத் தந்தது: நடிகரின் பெரிய உருவத்துக்குக் கீழே தன் சிறிய முகத்தையும் பெயரையும் அச்சிட்டுக்கொள்ளலாம். இதே காலத்தில் டிஜிட்டல் திரையிடல் வந்து படப்பெட்டியை இல்லாமல் ஆக்கியது. பெட்டிக்காகக் காத்திருந்த கூட்டம், படத்தைத் திறக்கும் மின்னணுச் சாவியான ‘கே.டி.எம்.’ வந்ததா என்று கேட்கத் தொடங்கியது. ஊர்வலம் வைக்க ஒரு பொருள் இல்லாமல் போனது.

சாலைகளில் நிரம்பிய பேனர்கள் ஆபத்தாகவும் ஆயின. 2019 செப்டம்பரில் சென்னையில் அரசியல் பிரமுகர் வீட்டு நிகழ்ச்சிக்காக வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். உயர் நீதிமன்றம் கண்டித்தது; முன்னணி நடிகர்கள் பேனர் வைக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். தெருவில் இடம் சுருங்கிய அந்த ஆண்டுகளில் கைபேசியில் இடம் ஏற்கெனவே விரிந்திருந்தது.

இணையத்தில் ரசிகர்

இணையத்தில் தமிழ்ப் படங்களைப் பற்றி முதலில் பேசியவர்கள் 1990களில் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இருந்த தமிழர்கள். பாடல் பட்டியல்களைத் தொகுத்தும், நடிகர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் தளங்கள் அமைத்தும் அவர்கள் உழைத்தார்கள். 2011 நவம்பரில் யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’, ஒரு தமிழ்ப் பாடலைச் சாதாரணக் கேட்பவர்களே உலகம் முழுக்கப் பரப்ப முடியும் என்று காட்டியது.

அதே 2011இல் நடிகர் அஜித்குமார் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். தலைவரும் கிளையும் இல்லாமல் போனபின்னும் அவர் ரசிகர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஒன்றுசேர்ந்தார்கள். மன்ற அனுமதி, பதிவு எண் எதுவும் தேவைப்படவில்லை. 2016இல் ஜியோ கைபேசிச் சேவை வந்து இணையக் கட்டணம் சரிந்ததும் சிற்றூர் இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

ட்ரெண்ட் செய்வதற்கென்று ஒரு முறை உருவானது. ட்விட்டரின் ட்ரெண்ட் பட்டியல் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு சொல் எவ்வளவு திடீரென்று பெருகுகிறது என்பதற்கு அதிக எடை தருகிறது. நாள் முழுக்க மெல்ல எழுதினால் பயனில்லை. அதனால் ரசிகர்கள் ஹேஷ்டேக்கை முன்கூட்டியே வெளியிடாமல் வைத்திருந்து, மாலை 6 மணி போல ஒரு நேரத்தைக் குறித்து, எல்லாரும் ஒரே சமயத்தில் பதிவிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு ‘காமன் டிபி’ வடிவமைக்க ஒருவர், பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ‘எடிட்’ செய்ய ஒருவர், இத்தனை நாளில் படம் என்று கவுண்ட்டவுன் போட ஒருவர் என வேலை பிரிகிறது. பசை வாளி தூக்கியவருக்கும் தட்டி எழுதியவருக்கும் இருந்த இடம் இவர்களுக்கு வந்தது.

இந்த உழைப்பை நிறுவனங்களும் கவனித்தன. 2017இல் ‘மெர்சல்’ படத்துக்கு ட்விட்டர் தனி எமோஜி தந்தது; தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு அது முதல்முறை. 2019இன் முற்பாதியில் இந்தியாவில் அதிகம் பயன்பட்ட ஹேஷ்டேக் ‘விஸ்வாசம்’ என்று ட்விட்டர் அறிவித்தது. 2020 பிப்ரவரியில் நெய்வேலியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பின்போது திரண்ட ரசிகர்களோடு நடிகர் விஜய் எடுத்த செல்ஃபி, அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் ஆன பதிவானது.

இணைய ஆர்வம் தெருவுக்குத் திரும்பியதும் உண்டு. அஜித்தின் ‘வலிமை’ படத்தின் செய்தி தாமதமானபோது ரசிகர்கள் கண்ட இடமெல்லாம் ‘அப்டேட்’ கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் மைதானத்தில் இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடமும் அந்தக் கேள்வி போனது. அஜித் வருத்தம் தெரிவித்து, பொறுமை காக்கும்படி அறிக்கை வெளியிட்டார். படம் 2022 பிப்ரவரி 24 அன்று வெளியானது.

தீங்குகளும் சட்டமும்

அன்பின் பெயரால் நடப்பவை எல்லாம் படத்துக்கு நன்மை செய்வதில்லை. எதிர் நடிகரை இழிவுபடுத்தும் ஹேஷ்டேக்குகளும் பொய் வசூல் கணக்குகளும் ஒரு பக்கம். அதைவிடத் தொழிலைப் பாதிப்பது, திரையரங்கில் நடிகரின் அறிமுகக் காட்சியைக் கைபேசியில் எடுத்து ‘ஸ்டேட்டஸ்’ வைப்பது. 2023இன் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தப்படி, திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவுசெய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 3 லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. படத்தைப் புகழ்வதற்காக எடுத்தாலும் குற்றம் குற்றமே.

கூட்டத்தின் ஆபத்தும் குறையவில்லை. 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான அன்று சென்னையில் ஓடும் லாரியின் மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன்பின் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் ‘லியோ’வின் முதல் காட்சி தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கே தொடங்கியது.

மலையிலிருந்து பார்த்தால்

மன்றக் காலத்தில் ரசிகரின் மதிப்பை இடம் தீர்மானித்தது. திரையரங்குள்ள ஊரில் இருந்தவர் பேனர் கட்டினார், ரசிகர் காட்சிக்கு டிக்கெட் பிரித்தார், நூறாம் நாள் விழாவில் மேடை ஏறினார். மலையில் இருந்தவர் பார்வையாளர் மட்டுமே. இன்று கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து இடும் பதிவும் சென்னையிலிருந்து இடும் பதிவும் ட்ரெண்ட் கணக்கில் ஒன்றுதான். எழுபது வளைவுகளும் அந்தக் கணக்கில் இல்லை. இது சிறிய ஆதாயம் அல்ல.

ஆனால் இழப்பும் உண்டு. புனைபெயரில் நடக்கும் இணையப் பணியில் ரசிகரின் முகம் ஊருக்குத் தெரிவதில்லை. ஒரு பேனருக்குச் செலவழித்தவர் பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார். ஹேஷ்டேக்குக்கு அப்படிப்பட்ட மறுபக்கம் இல்லை. விளம்பரம், தொண்டு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவை, ஊர்க்கிளையை விடாமல் இணையத்தையும் கைக்கொண்ட அமைப்புகளே. 2009இல் உருவான விஜய் மக்கள் இயக்கம் நற்பணிகளையும் இணையப் பிரசாரத்தையும் ஒருசேர நடத்தியது. அதன் கிளைகள் மேல்தான் 2024 பிப்ரவரி 2 அன்று தமிழக வெற்றிக் கழகம் அறிவிக்கப்பட்டது. 1972இல் நடந்தது போலவே மன்றம் மீண்டும் கட்சியானது. சுவரொட்டியோ ஹேஷ்டேக்கோ, ஒரு படத்துக்காகக் கூலியின்றி ஒன்றுசேர்ந்து வேலை செய்யப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைத் திரைக்கு வெளியேயும் கொண்டுபோகிறார்கள் என்பதே இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் உண்மை.