வில்லங்கத்தில் வராதது

நார்த்தாமலையில், விஜயாலய சோழீஸ்வரம் என்று இன்று அழைக்கப்படும் கோயிலின் வாயிலில், துவாரபாலகரின் கீழே ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. இளங்கோவதியரையர் என்கிற சாத்தன் பூதி எடுத்த கற்றளி; மழையில் அது இடிந்தது; தென்னவன் தமிழதியரையன் என்கிற மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான். செய்தி இவ்வளவுதான். சேதம் மழையாலா, இடி விழுந்தா என்பதில் மொழிபெயர்ப்பவர்கள் வேறுபடுகிறார்கள்.

கட்டியது சோழனா முத்தரையனா என்று நம் சரித்திரக்காரர்கள் சண்டையிட்ட அளவுக்கு, இடிந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. விஜயாலயன் பெயர் கோயிலோடு சேர்ந்து வருவது பிற்காலப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டொன்றில். அந்தப் பெயரே நிலைத்தது. மல்லன் விடுமனைச் சுற்றுலாப் பயணி யாரும் கேட்டு வருவதில்லை. சுற்றியிருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறுதான் மிச்சம் என்பதையும் அவன் கவனிக்கப் போவதில்லை.

எனக்கு இந்தக் கல்வெட்டு ஒரு பத்திரமாகத்தான் படுகிறது. வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்பவனின் தொழில் வியாதி. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உரிமை கைமாறியதை வரிவரியாகப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும். எந்த வருஷத்து மழையில் மேற்குச் சுவர் பிளந்தது என்பது வராது.

ராயவரம், கடியாபட்டிப் பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் மூலையில் ஒரு ஓடு விலகினால் போதும். நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்தரத்தின் நுனியை உளுக்க வைக்கும். கீழே முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பளபளத்துக்கொண்டேயிருக்கும். ஓடு மாற்றப் பெரிய பணம் வேண்டியதில்லை. மாற்ற ஆள் வேண்டும். 1930களின் முடிவில் கீழ்பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்களிடம் இருந்தது. கடன் வாங்கியவர்கள் பணமாகத் திருப்ப முடியாமல் விட்ட நிலம். 1942இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. வீடுகள் மட்டும் இங்கே நின்றன, ஒவ்வொன்றுக்கும் பெருகிக்கொண்டே போகும் பங்காளிகளோடு. எல்லாருக்கும் சொந்தமான கூரையில் யார் ஏறுவது? பிறகு தூண்கள் கழன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. உத்தரம் உளுத்தது தண்ணீரால் என்பார் கொத்தனார். ரங்கூனால் என்பேன் நான். விற்கும்போது பத்திரத்தில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திடுகிறார்கள். உளுத்த நுனி எங்கும் எழுதப்படுவதில்லை.

சட்டம் இதில் நாம் நினைப்பதைவிட நியாயமானது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தனக்குத் தெரிந்து, வாங்குபவன் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் தெரியாமல்போகிற முக்கியமான குறையை விற்பவன் சொல்லியாக வேண்டும். உரிமையிலுள்ள குறை மட்டுமல்ல, சொத்திலேயே உள்ள குறையும். சொன்னால் போதும், எழுத வேண்டும் என்றில்லை.

நான் புதுக்கோட்டையில் விலை பேசியிருக்கும் வீட்டின் பின்கட்டுச் சுவரில் ஒருமுறை அடைத்த விரிசல் மறுபடி வாய் திறந்திருக்கிறது. விற்கும் பெரியவர் ஒளிக்கவில்லை: பழைய கிணற்றைத் தூர்த்து அதன்மேல் அஸ்திவாரம் போட்டார்களாம், தூர்த்த மண் இறங்க இறங்கச் சுவரும் இறங்கியது. பத்திரத்திலோ கிணறு அப்படியே இருக்கிறது, மரம் மட்டைகளோடு. தூர்த்ததும் இல்லை, அடைத்ததும் இல்லை. புதுப் பத்திரத்தில் இரண்டையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"குறையை எழுதினா நாளைக்கு நீங்க விக்கும்போது உங்களுக்குத்தான் சார் கஷ்டம்" என்றார் பத்திர எழுத்தர்.

விலையைக் குறைப்பதற்காக இல்லை, பேசிய விலைதான் என்று சொன்னேன். இது அவருடைய சந்தேகத்தை அதிகமாக்கியதாகத் தெரிந்தது. சுவரை அடைத்த வருஷத்தையும், பெரியவர் நினைவிலிருந்து சொன்ன கொத்தனாரின் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகலில் இன்னும் அவர் சேர்க்கவில்லை.