பதினாயிரம் குரல்களும் ஒரு கோலும்

கோயில் திருவிழாவிலே இரண்டு மேளக் கூட்டத்தார் ஒருங்கிருந்து வாசிக்கும்போது, சுருதி சேர்ப்பதற்கும் யார் முந்தித் தொடங்குவது என்று தீர்ப்பதற்கும் எவ்வளவு பொழுது செல்லும் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஏறக்குறைய நூறு பாட்டுச் சங்கங்களையும், அவற்றோடு பாண்டு வாத்தியக் குழுக்களையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தி, ஒரே பாட்டைப் பாடச்செய்ய ஒருவர் துணிந்தார். அவர் பெயர் பற்றிக் கில்மோர். அயர்லாந்திலே பிறந்து, இளமையில் அமெரிக்காவிற் குடியேறி, பொஸ்டன் நகரிலே பாண்டுக் குழுவொன்றின் தலைவராய் விளங்கியவர்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடபகுதியும் தென்பகுதியும் தம்முட் பொருத உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். கில்மோரும் தம் குழுவினருடன் படையிற் சேர்ந்து பணியாற்றியவரே. போர் ஓயாதிருந்த 1864ஆம் ஆண்டில், நியூ ஓர்லியன்ஸ் நகரிலே ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுவரைப் பாடவைத்து, வாத்தியக் குழுக்களையும் பீரங்கி முழக்கத்தையும் அதனோடு சேர்த்து ஒரு விழா நடத்தினார். அன்று கண்ட சுவை அவரை விடவில்லை. போர் முடிந்தபின், சமாதானத்தைக் கொண்டாட அதனினும் பெரிதாக ஒன்று செய்தல் வேண்டும் என்று எண்ணலானார்.

எண்ணுவது எளிது, பணத்துக்கு எங்கே போவது? பொஸ்டன் வணிகர் பலர் முதலிற் கைவிரித்தனர். ஈபன் ஜோர்டன் என்னும் துணி வணிகர் பொருளாளர் பொறுப்பை ஏற்ற பின்னரே மற்றையோரின் பை அவிழ்ந்தது. நகரின் பொதுவெளியிலே மண்டபம் எழுப்ப முயன்றபோது ஊரார் எதிர்த்தனர். வேறிடம் பார்க்க நேர்ந்தது. ஜோன் சலிவன் டுவைற் என்னும் இசைத் திறனாய்வாளர், அளவின் பெருமை கலையின் பெருமை ஆகாது என்று வாதிட்டார். விழா நாட்களில் அப்பேரிரைச்சலினின்று ஒதுங்கி நஹாண்ட் என்னும் கடற்கரையூருக்கே போய்விட்டார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை.

டுவைற் எண்ணியது போன்று எல்லாம் குழம்பிப் போகாமைக்குக் காரணராய் இருந்தவர்களுள் முதன்மையானவர் ஈபன் டூர்ஜே. நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியை 1867இல் நிறுவிய இவ்வாசிரியர், சுற்றுப்புறப் பட்டினங்களிலிருந்த பாட்டுச் சங்கங்களுக்கெல்லாம் கடிதம் விடுத்தார். சேர இசைந்த சங்கங்களுக்கு ஒரே பாடல்கள் போய்ச் சேர்ந்தன. அவரவர் தத்தம் ஊரிலே, தத்தம் ஆசிரியரின் கீழ், பல வாரங்கள் பயின்றனர். பொஸ்டனுக்குப் புகைவண்டி ஏறியபோது தம் பங்கை நெட்டுருச் செய்திருந்தோர் பலர். விழா மேடையிலே தோன்றாத இவ்வேலையே விழாவைக் காத்தது எனலாம்.

மண்டபத்தின் நீளம் 500 அடி, அகலம் 300 அடி, முழுதும் மரத்தாலானது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 1,100 அடி செல்லும். ஆகவே அம்மண்டபத்தின் ஒரு தலையில் எழுந்த ஓசை மறுதலையை எட்ட அரை நொடிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். விரைந்த நடைப் பாட்டில் அரை நொடி என்பது ஒரு தாளக்கணக்கு. காதைக் கேட்டுப் பாடுகிறவன் பின்தங்குவான். கோலைப் பார்த்துப் பாடுகிறவனே தாளத்தில் நிற்பான். அத்துணைத் தூரத்தில் ஒருவர் கைக்கோல் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. எட்டடி விட்டமுள்ள பெருமுரசொன்றைக் கில்மோர் செய்வித்தது வெறும் ஆடம்பரத்துக்காக மட்டுமன்று.

1869ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆம் திகதி ஏறக்குறையப் 10,000 பாடகரும் 1,000 வாத்தியக்காரரும் கூடினர். நோர்வே நாட்டு வயலின் மேதை ஓலே புல் வயலின் அணிக்குத் தலைமை வகித்தார். மார்ட்டின் லூதரின் பழைய துதிப்பாடலுடன் விழா தொடங்கியது. வெர்டியின் இசைநாடகத்திலுள்ள கொல்லர் பாட்டுக்குச் செஞ்சட்டை அணிந்த தீயணைப்புப் படையினர் நூற்றுவர் பட்டடைகளின்மேற் சம்மட்டி கொண்டு தாளமிட்டனர். மண்டபத்துக்கு வெளியே நின்ற பீரங்கிகளை மேடையிலிருந்தே மின்கம்பி வழியாக முழங்கச் செய்தனர். இரண்டாம் நாள் ஜனாதிபதி கிராண்ட் வந்தமர்ந்தார்; நான்கு ஆண்டுகளுக்கு முன் வடபகுதிப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஐந்தாம் நாள் பள்ளிச் சிறுவருடையது. செலவு போகச் சிறிது பணமும் மிஞ்சியது.

வெற்றி சிலரைத் தெளிவிக்கும், சிலரை மயக்கும். பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் நடந்த போர் 1871இல் முடிந்ததும், இனி உலக சமாதானத்தையே கொண்டாடுவோம் எனக் கில்மோர் புறப்பட்டார். இம்முறை 20,000 பாடகர், 2,000 வாத்தியக்காரர், எல்லாம் இரட்டிப்பு. கட்டிக்கொண்டிருந்த மண்டபம் 1872இன் வசந்தகாலப் புயலிலே சரிந்து வீழ்ந்தது, மீண்டும் கட்டினர். இங்கிலாந்து, பிரான்சு, ஜேர்மனி ஆகிய நாடுகளின் படை வாத்தியக் குழுக்கள் கடல் கடந்து வந்தன. நேற்றுவரை பகைவராயிருந்த இரு நாட்டார் ஒரே மேடையில் ஊதியது, எவ்வாறு பார்ப்பினும், சிறிய செய்தியன்று.

வியன்னாவிலிருந்து யோகான் ஸ்ட்ராஸ் வரவழைக்கப்பட்டார். அவருக்குப் பேசிய தொகை ஒரு இலட்சம் டொலர். அன்னார் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு நகையும் இரக்கமும் ஒருங்கே விளைப்பது. எதிரே கடல்போன்ற கூட்டம். அதனை நடத்த அவருக்கு உதவியாக நூறு துணை நடத்துநர். அவர்களுள் அருகில் நின்றோர் மட்டுமே அவர் கண்ணுக்குப் புலப்பட்டனர். பீரங்கி முழங்கிற்று, அவர் கோலை அசைத்தார், எல்லாரும் ஏறத்தாழ ஒருங்கே முடித்தாற் போதும் என்பதே அவருடைய ஒரே நோக்கமாயிருந்தது. விழா யூலை 4ஆம் திகதிவரை நீண்டது. வெற்றிருக்கைகள் மிகுந்தன. பெருநட்டத்தைப் பொறுப்பேற்றோர் சுமந்தனர்.

அவ்விழாவிற் சிறப்பாக நினைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று, அமைப்பாளர் எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரிலே 1866இல் தொடங்கப்பட்டது பிஸ்க் கல்விநிலையம். அது வறுமையில் மூழ்கும் நிலையிலிருந்தபோது, அதன் மாணவர் சிலர் 1871இல் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டனர். அச்சிறு குழுவுக்கும் பொஸ்டனில் இடங் கிடைத்தது. போர்க்காலத்திற் புகழ்பெற்ற பாடலொன்றின் முற்பகுதியைப் பொஸ்டன் நகரக் கறுப்பினப் பாடகர் பாடுவதென்றும், பிற்பகுதியைப் பிஸ்க் மாணவர் பாடுவதென்றும் ஏற்பாடு. வாத்தியங்கள் எடுத்த சுருதியோ மிக உயர்ந்தது. முற்பகுதி பாடியோர் குரல் எட்டாமல் தடுமாறினர். மண்டபம் சங்கடத்தில் ஆழ்ந்தது. ஆனால் பிஸ்க் மாணவரின் ஆசிரியர் ஜோர்ஜ் வைற் இவ்விடரை முன்னரே உணர்ந்து, அதே உயர்ந்த சுருதியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக ஒலிக்கும்வரை அவர்களைப் பயிற்றியிருந்தார். அவர்கள் குரலெடுத்தனர். பேரவை எழுந்து நின்று ஆரவாரித்தது.

பொஸ்டன் மரமண்டபம் விழாக்காலத்துக்கென்றே கட்டப்பட்டது, பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது. பாடித் திரட்டிய பணத்தைக் கொண்டு நாஷ்விலிலே மாணவர் எழுப்பிய யூபிலி மண்டபம் 1876இல் திறந்துவைக்கப்பட்டது. அது இன்றும் நிற்கின்றது.