உணவு நச்சாதல் தடுப்பு: செட்டிநாட்டு உணவகங்கள்

கிருமி அல்லது நஞ்சு கலந்த உணவால் வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு முதலியவற்றைச் சமையற்கூடத்திலேயே தடுக்கும் முறைகள். காரைக்குடி மெஸ்களில் கோழி, அண்டாக் குழம்பு, தேங்காய் அரைத்த மசாலா, பெருமளவில் வடிக்கும் சோறு ஆகியவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை.

காரணங்கள்: பச்சைக் கோழியில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் பெருகும். வெளியில் வைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளிக்குழம்பில் செம்பு கரைந்து குமட்டல் வரும்.

தடுப்பு: கோழியின் உட்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். பச்சை இறைச்சிக்குக் கத்தியும் பலகையும் தனி. குளிர்பெட்டியில் பச்சை இறைச்சிக்குக் கீழ்த்தட்டு. மிஞ்சிய குழம்பை அண்டாவிலேயே விடாமல், அகலத் தட்டுகளில் ஊற்றி விரைவாக ஆற்றிக் குளிரூட்ட வேண்டும். கழிப்பறை சென்றபின் சோப்பிட்டுக் கைகழுவாதவரும், வயிற்றுப்போக்கு உள்ளவரும் உணவைத் தொடக் கூடாது.

சட்டம்: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி உணவகங்கள் உரிமம் அல்லது பதிவு பெற வேண்டும். பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது.