குருவி: ஒரு பெயர், பல பொருள்

உலு யாம், பத்தாங்காலி வட்டாரத் தோட்டங்களில் 'குருவி' என்றதும் நினைவுக்கு வருவது லயத்துக் கூரையில் கூடு கட்டும் சிட்டுக்குருவிதான். பெயர் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரோடு வந்தது, பறவை வேறு. அங்குள்ள சிட்டுக்குருவியில் ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடும். இங்கே நாம் பெரும்பாலும் காண்பதில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: செம்பழுப்புத் தலை, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி.

தமிழில் குருவி என்பது சிறு பறவைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். வீட்டில் ஒதுங்குவது அடைக்கலக்குருவி, கூட்டைத் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. மரக்கிளையில் ஒட்டி வளரும் குருவிச்சையின் பெயரிலும் குருவி உண்டு. அதன் விதையைக் கிளைக்குக் கிளை சேர்ப்பவை சிறு பறவைகளே. சிறுகச் சிறுகச் சேமிப்பவர் 'குருவி மாதிரி சேர்க்கிறார்'. தாங்காத சுமையை ஒருவர்மேல் ஏற்றினால், குருவி தலையில் பனங்காய்.

இன்று சுமை தூக்கும் குருவி வேறு. கூலிக்காகப் பிறர் பொருளை விமானத்தில் கொண்டு செல்பவருக்கும் இதே பெயர். விஜய் நடித்து 2008இல் வந்த 'குருவி' படத்தின் தலைப்பும் இந்தப் பொருளில் அமைந்ததே. கேட்க அப்பாவித்தனமான பெயர், அதுதான் சிக்கல். 'டிக்கெட் இலவசம், ஒரு பெட்டி மட்டும்' என்று நம்பிப் போகும் இளையோர், அதற்குள் இருப்பதற்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டும். அது போதைப்பொருளானால், 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவு பாயலாம். கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது. ஆனாலும் நீதிமன்றம் இன்றும் அதை விதிக்கலாம், இல்லையேல் ஆயுள் சிறை.